குழாயில் பீய்ச்சினால் புல்தரை! பச்சைக் கூழுக்குப் பின்னால் எத்தனை லாரி தண்ணீர்?

சென்னை-

பாய் விரிப்பது போல புல்லைக் கொண்டுவந்து விரித்த காலம் போய், சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது போல புல்லைப் பீய்ச்சி அடிக்கிற காலம் வந்து இருக்கிறது.

லாரி மேல் ஒரு பெரிய டாங்கி. அதற்குள் பச்சை நிறத்தில் கூழ். தீயணைப்புப் படையினர் வைத்து இருப்பது போல ஒரு தடித்த குழாய். மோட்டாரைப் போட்டதும் 'சர்' என்று பாய்கிறது கூழ். அரை மணி நேரத்தில் வெறும் மண் தரை பச்சையாகி விடுகிறது. மூன்று வாரத்தில் நிஜப் புல் முளைத்து விடும் என்கிறார்கள்.

இதற்கு 'ஹைட்ரோ சீடிங்' என்று பெயர். தமிழில் சொன்னால் விதைக்கூழ் தெளிப்பு.

வெளிநாடுகளில் வீட்டுத் தோட்டம், விளையாட்டு மைதானம், நெடுஞ்சாலை ஓரம் என்று எல்லா இடத்திலும் இந்த முறையில் புல்தரை போடுகிறார்கள். இதைச் செய்து தரும் காண்டிராக்டர்கள் இப்போது நம் நாட்டிலும் இருக்கிறார்கள்.

"நம்ம காம்பவுண்டுக்குள்ளேயும் போடலாமே" என்ற ஆசை அடுக்குமாடிவாசிகளுக்கு வருவது இயற்கை. ஆனால் சென்னை மண்ணுக்கும், சென்னைத் தண்ணீருக்கும், சென்னை மழைக்கும் இது ஒத்து வருமா? பணத்தைக் கொட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு நிறைய இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கூழில் என்ன இருக்கிறது?

கூழ் என்றதும் பயப்பட வேண்டாம். அதில் இருப்பது ஐந்தாறு பொருள்கள்தான்.

முதலில் தண்ணீர். அடுத்து புல் விதை. அதன்பிறகு மர நார் அல்லது பழைய காகிதத்தை அரைத்துச் செய்த தூள். கொஞ்சம் உரம். மண்ணோடு ஒட்டிக்கொள்ள ஒரு பசை. கடைசியாகப் பச்சைச் சாயம்.

இந்தச் சாயத்தால் புல் பச்சையாவது இல்லை. எந்த இடத்தில் கூழ் விழுந்தது, எந்த இடம் விட்டுப் போனது என்று குழாய் பிடிப்பவருக்குத் தெரிவதற்காகத்தான் சாயம் கலக்கிறார்கள். இரண்டொரு வாரத்தில் அது வெளுத்துவிடும். "பச்சையாகத்தானே இருந்தது, ஏன் வெளுத்துப்போச்சு?" என்று யாரும் காண்டிராக்டரோடு சண்டைக்குப் போக வேண்டியது இல்லை.

பசையில்தான் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்குப் பயன்படுத்தும் பசைகளில் முக்கியமானது கொத்தவரை விதையில் இருந்து எடுக்கும் பிசின். நாம் பொரியல் செய்து சாப்பிடும் அதே கொத்தவரங்காய்க் குடும்பம்தான்! உலகில் கொத்தவரைப் பிசினை மிக அதிகமாகத் தயாரிக்கும் நாடு இந்தியா. அதிலும் ராஜஸ்தான் முதல் இடம். மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் உமியையும் சிலர் பசையாகக் கலக்கிறார்கள்.

ஆக, அமெரிக்கத் தோட்டத்தில் புல் ஒட்டிக்கொள்வதற்கு நம் ஊர் விவசாயியின் பிசின் உதவுகிறது.

மர நாருக்கு என்ன வேலை? அது விதைக்குப் போர்வை. வெயில் நேராகப் படாமல் காக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குருவி, எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் ஓரளவு தடுக்கும். சமதரையில் ஏக்கருக்குச் சுமார் 700 கிலோ முதல் 900 கிலோ வரை நார் போடுவது வழக்கம். ஒரு கிரவுண்டுக்கு என்றால் 40, 50 கிலோ போதும்.

அமெரிக்க ரோடு ஓரத்தில் பிறந்தது

இந்த முறை பணக்காரர் வீட்டுப் புல்வெளிக்காகப் பிறந்தது அல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய பெரிய நெடுஞ்சாலைகள் போட்டார்கள். மேட்டை வெட்டி ரோடு போட்டதும் இரண்டு பக்கமும் மண் சரிவு வெறுமையாக நின்றது. மழை பெய்தால் மண் கரைந்து ரோட்டுக்கு வந்தது. சரிவில் ஏறி நின்று விதை தூவுவது ஆபத்தான வேலை.

அப்போதுதான் விதையைத் தண்ணீரில் கலந்து, கீழே இருந்தபடியே குழாயால் பீய்ச்சும் யோசனை பிறந்தது. 1950-களில் இதற்கென்றே எந்திரங்கள் வந்துவிட்டன. ரோட்டு ஓரத்தில் வெற்றி பெற்ற பிறகு வீட்டுத் தோட்டத்துக்கும் மைதானத்துக்கும் பரவியது.

மனிதன் ஏற முடியாத சரிவு, பரந்த பெரிய இடம் ஆகிய இரண்டும்தான் இந்த எந்திரத்தின் சொந்த ஊர். சின்ன இடத்தில், மாடிக் கட்டடத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் அதன் அருமை பாதி போய்விடும். இதை மறக்கக் கூடாது.

எந்தப் புல்?

சென்னையில் பல அடுக்குமாடிகளிலும் பங்களாக்களிலும் விரும்பிப் போடுவது கொரியன் புல். மெத்தை மாதிரி இருக்கும். நிழல் கொஞ்சம் தாங்க வேண்டுமானால் எருமைப்புல் என்கிற அகல இலைப் புல்லைப் போடுவார்கள்.

இந்த இரண்டையும் விதை போட்டு வளர்ப்பது நடைமுறையில் இல்லை. தண்டை வெட்டி நட வேண்டும். அல்லது மண்ணோடு பெயர்த்து எடுத்த துண்டுகளைக் கொண்டுவந்து பதிக்க வேண்டும்.

பெரிய மைதானங்களில் போடும் உயர்ரக பெர்முடா ஒட்டுப்புல் ரகங்களும் அப்படித்தான். அவை மலடு. விதையே கிடையாது. தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கூழில் கலந்து பீய்ச்சும் வேறு ஒரு முறை உண்டு. அது வேறு வேலை, வேறு செலவு.

அப்படியானால் விதைக்கூழ் தெளிப்பில் சென்னைக்கு ஏற்றது எது?

பதில் எல்லோருக்கும் தெரிந்த புல்தான். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்! வெளிநாட்டுக்காரர் 'பெர்முடா' என்று பேர் வைத்துப் பாக்கெட்டில் விற்பது இதே இனத்தைத்தான். விதையில் முளைக்கும். வெயில் தாங்கும். வறட்சியில் காய்ந்தாலும் மழை வந்ததும் துளிர்க்கும். உப்பையும் ஓரளவு பொறுக்கும். மணமக்களை வாழ்த்தும் பெரியவர்கள் இந்தப் புல்லைப் போல வேரோடச் சொல்லி வாழ்த்துவது சும்மா இல்லை.

இதன் விதை கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது. ஒரு கிலோவில் 30 லட்சம் விதைகளுக்கு மேல் இருக்கும். ஆயிரம் சதுர அடிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும்.

ஆனால் ஒரு குறை. அருகம்புல்லுக்கு நிழல் ஆகாது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நாலு மாடிக் கட்டடத்தின் வடக்குப் பக்கத்தில், காம்பவுண்டு சுவருக்கு நடுவே பத்து அடிச் சந்தில் போட்டால் முளைக்கும். பிறகு சோகை பிடித்தது போல வெளிறி, மெலிந்து, செத்துப்போகும்.

"விளம்பரத்தில் பார்த்த மெத்தைப் புல் வேண்டும், ஆனால் பீய்ச்சித் தர வேண்டும்" என்று கேட்டால் முடியாது. பீய்ச்சுகிற முறையில் மெத்தைப் புல் வராது. இதை முதலிலேயே சொல்லாத காண்டிராக்டரிடம் ஜாக்கிரதை.

மண்ணைப் பார்க்காமல் விதையைப் பார்க்காதே

அடுக்குமாடி கட்டி முடிந்ததும் காலி இடத்தில் இருப்பது மண்ணே அல்ல. உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்டு, ஜல்லி, கம்பித் துண்டு, பெயிண்ட் டப்பா. அதன் மேல் நாலு லோடு செம்மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி இருப்பார்கள். லாரியும் கலவை எந்திரமும் ஏறி ஏறி அடித்தளம் கல்லாக இறுகிப் போயிருக்கும்.

அதன் மேல் பச்சைக் கூழைப் பீய்ச்சினால் என்ன ஆகும்? பத்தாவது நாள் பச்சை தெரியும். படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது மாதம் வேர் கீழே இறங்க முடியாமல் திட்டுத் திட்டாகக் காயும்.

விதைக்கூழ் தெளிப்பில் குழாய் பிடிக்கிற நேரம் அரை மணிதான். அதற்கு முன்னால் மண் வேலைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதைச் செய்யாமல் விட்டால் பணம் தண்ணீரில் கரைந்த மாதிரிதான்.

இடிபாட்டை அள்ள வேண்டும். நாலு முதல் ஆறு அங்குல ஆழம் கொத்திவிட வேண்டும். மக்கிய எரு கலக்க வேண்டும். கட்டடத்தில் இருந்து தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி லேசான சரிவு கொடுக்க வேண்டும்.

அடுத்தது கோரை. சென்னைப் புல்தரைகளுக்குப் பெரிய எதிரி கோரைக் கிழங்குதான். தரையைத் தயார் செய்த பிறகு உடனே கூழ் அடிக்கக் கூடாது. இரண்டு வாரம் சும்மா தண்ணீர் விட வேண்டும். உள்ளே இருக்கும் கோரையும் களையும் முளைத்து வெளியே வரும். கிழங்கோடு பிடுங்கிய பிறகே கூழ்.

கூழைக் கலக்கி வைத்துவிட்டு டீ சாப்பிடப் போவதும் தவறு. டாங்கிக்குள் உரத்தின் உப்பும் விதையும் ஒன்றாக நெடுநேரம் ஊறினால் முளைப்புத் திறன் கெடும். கலந்த சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

கூழ் தரையில் விழுந்த நிமிடத்தில் இருந்து விதைக்கு ஈரம் அறவே நிற்கக் கூடாது. ஊறிய விதை ஒரு நாள் காய்ந்தால் போதும், கதை முடிந்தது. அதற்காகக் குளம் போலத் தேக்கினாலும் விதை அழுகும். எனவே ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, பூவாளியில் தெளிப்பது போல லேசாகத் தெளிக்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளை தெரியும். மூன்று வாரம் வரை இந்த வேலை தொடரும்.

எவ்வளவு தண்ணீர் ஆகும்?

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதாவது 223 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 5 மில்லி மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தெளிப்பதாக வைத்துக்கொண்டால் 1,115 லிட்டர். மூன்று வாரத்துக்கு 23,400 லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பெரிய டேங்கர் லாரியில் இரண்டு லாரித் தண்ணீர்!

நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்பது அரசின் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு கிரவுண்டு புல்தரை, முளைக்கிற காலத்தில் தினமும் எட்டு பேருடைய தண்ணீரைக் குடிக்கிறது.

முளைத்து வேர் பிடித்த பிறகு தேவை குறையும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆனால் ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். வாரத்துக்கு 25 மில்லி மீட்டர் என்று வைத்தால் 5,575 லிட்டர். மழைக்காலம் மூன்று மாதத்தைக் கழித்து, மீதி 40 வாரத்துக்கு இரண்டேகால் லட்சம் லிட்டர் வருகிறது.

2019-ம் ஆண்டு கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. காலிக் குடங்கள் தெருவில் வரிசை நின்றன. அந்த ஆண்டு ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு முதல் ரெயில் வந்தது.

அப்படி வந்த ஒரு ரெயில் தண்ணீரை, ஒரு கிரவுண்டு அளவுள்ள 11 புல்தரைகள் ஒரே ஆண்டில் குடித்துத் தீர்த்துவிடும்!

அப்போது இருந்த நிலை இப்போது இல்லை. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. மீஞ்சூரில் 2010-ம் ஆண்டிலும், நெம்மேலியில் 2013-ம் ஆண்டிலும் தலா 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. 2024-ம் ஆண்டில் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலையும் தொடங்கப்பட்டது. ஆனால் அது செலவு பிடித்த தண்ணீர். கடலில் இருந்து உப்பைப் பிரித்து எடுத்த தண்ணீரைப் புல்லுக்குக் கொட்டுவது, ஆப்பிளை மாட்டுக்குப் போடுவது போலத்தான்.

குளித்த தண்ணீர் கை கொடுக்கும்

தண்ணீருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் அதே கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

50 வீடு உள்ள அடுக்குமாடி. வீட்டுக்கு நாலு பேர். மொத்தம் 200 பேர். ஆளுக்கு 135 லிட்டரில் ஐந்தில் நாலு பங்கு சாக்கடைக்குப் போகிறது என்று வைத்தாலும், தினமும் 21,600 லிட்டர் வெளியேறுகிறது. ஒரு கிரவுண்டு புல்லுக்குத் தேவை 1,115 லிட்டர்தான்!

பெரிய அடுக்குமாடிகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைத்து இருக்கிறார்கள். அதைச் சரியாக ஓட்டினாலே புல்லுக்கும் மரத்துக்கும் போதும். அந்தத் தண்ணீர் நாற்றம் அடித்தால், குறை தண்ணீரில் இல்லை. எந்திரத்தைப் பராமரிக்காத சங்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் முளைக்கிற மூன்று வாரம் மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். வளர்ந்த அருகம்புல் உப்பைத் தாங்கும். பச்சிளம் முளை தாங்காது. கடலோரமாக இருக்கிற பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அந்தத் தண்ணீரை நம்பிக் கூழ் அடித்தால் விதை முளைக்காமல், மண் மேல் வெள்ளை பூத்ததுதான் மிச்சம். கையில் கொஞ்சம் தண்ணீரை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். விதைச் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

எந்த மாதம் நல்ல மாதம்?

அமெரிக்காவில் குளிர், பனி பார்த்து மாதம் குறிக்கிறார்கள். சென்னையில் குளிருக்குப் பயம் இல்லை. இங்கே மழையையும் வெயிலையும் பார்க்க வேண்டும்.

சென்னையில் ஒரு ஆண்டுக்கு சராசரியாக 140 செ.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். ஒரே ராத்திரியில் 10 செ.மீ., 15 செ.மீ. பெய்வது இங்கே புதுமை இல்லை. கூழ் காய்ந்து மண்ணில் ஒட்டிக்கொள்ள ஒரு நாளாவது வேண்டும். அதற்குள் பேய் மழை வந்தால் விதை, நார், உரம் எல்லாம் மழைநீர்க் கால்வாய்க்குப் போய்விடும்.

ஏப்ரல், மே மாதங்களும் ஆகாது. கத்திரி வெயிலில் நாலு முறை தெளித்தாலும் ஐந்தாவது முறை கேட்கும்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்கள்தான் பொருத்தம். சாயங்காலத்தில் அவ்வப்போது இடிமழை கிடைக்கும். தண்ணீர்ச் செலவு குறையும். அக்டோபரில் பெருமழை தொடங்குவதற்குள் புல் வேர் பிடித்துவிடும். அதைத் தவறவிட்டால், பெருமழை ஓய்ந்த பிறகு ஜனவரியில் போடலாம். கிணற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் வானத்தில் இருந்து உதவி கிடைக்காது.

முளைத்த பிறகும் அவசரம் கூடாது. முதல் ஒரு மாதம் பிள்ளைகளைப் புல்லில் விளையாட விடக் கூடாது. நாலு முதல் ஆறு வாரம் கழித்து, புல் நன்றாக எழும்பிய பிறகே முதல் வெட்டு. அப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.

சிமெண்டு போட்டு மூடிவிடலாமா?

இத்தனை தொல்லையைக் கேட்டதும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து சொல்லும் யோசனை தெரிந்ததுதான்.

"எதுக்கு சார் இந்த வம்பு? பேவர் கல்லைப் பதிச்சு விட்டுட்டா கார் நிறுத்தலாம். தண்ணியும் வேணாம், தோட்டக்காரனும் வேணாம்."

கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் இதற்கும் ஒரு கணக்கு உண்டு.

ஒரு கிரவுண்டு இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் 22,300 லிட்டர் தண்ணீர் விழுகிறது. மூடிய தரையாக இருந்தால் அத்தனையும் தெருவுக்கு ஓடும். தெருவில் இருந்து பள்ளமான வீட்டுக்குள் புகும். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம் இது. நன்றாகக் கொத்திவிட்ட மண்ணும், அதன் மேல் வேர் பிடித்த புல்லும் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். 2003-ம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியதும் இதற்காகத்தான். திறந்த மண் தரையும் ஒரு மழைநீர் சேகரிப்புத் தொட்டியே.

அதனால் கேள்வி 'புல்லா, சிமெண்டா' என்பது இல்லை. 'எவ்வளவு புல், எந்த இடத்தில், எந்தத் தண்ணீரில்' என்பதுதான்.

பிள்ளைகள் ஓடி விளையாடும் வெயில் படும் இடத்தில் அருகம்புல். நிழல் விழும் இடத்தில் புல்லுக்கு ஆசைப்படாமல் செடியும் சருகும் மூடிய மண். சுற்றிலும் மரம். இப்படிப் பிரித்துக்கொண்டால் தண்ணீரும் மிச்சம், தரையும் மிச்சம்.

மலையில் இதற்கு வேறு மரியாதை

சென்னைக்காரருக்கு அலங்காரமாக இருக்கும் இந்தக் கூழ், மலைவாசிக்கு உயிர்ப் பிரச்சினை.

நீலகிரியில் 2009-ம் ஆண்டு நவம்பர் மாதம் கொட்டிய பேய் மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைப்பாதை ஓரச் சரிவுகளில் மண்ணைக் காப்பாற்ற, அண்மை ஆண்டுகளில் நெடுஞ்சாலைத் துறை ஒரு முறையைக் கையாண்டு வருகிறது. சரிவுக்குள் நீளமான இரும்புக் கம்பிகளை ஆணி அடிப்பது போல இறக்குகிறார்கள். மேலே வலை போர்த்துகிறார்கள். அதன் மேல் விதைக்கூழைப் பீய்ச்சுகிறார்கள்.

இங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மலையைப் பிடித்து நிறுத்துவது கம்பி. புல் வேர் ஒரு அடி, இரண்டு அடி மேல்மண்ணைத்தான் பிடிக்கும். மழைத்துளி அடித்து மண் கரைவதைத் தடுக்கும். ஆழத்தில் இருந்து பெயர்ந்து வரும் சரிவைப் புல்லால் நிறுத்த முடியாது. 'புல் போட்டாச்சு, இனிப் பயம் இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

எந்த விதை என்பதும் அங்கே பெரிய கேள்வி. ஆப்பிரிக்காவில் இருந்து வந்த கிக்குயு புல் நீலகிரியில் ஏற்கனவே பரவிக் கிடக்கிறது. சீகை மரமும் தைல மரமும் தேயிலையும் போட்டு மலையின் சொந்தப் புல்வெளி பெருமளவு அழிந்தது. அங்கே இன்னொரு வெளிநாட்டு விதையைக் குழாயில் பீய்ச்சினால், ரோட்டு ஓரத்தில் தொடங்கிக் காட்டுக்குள் போகும். சென்னை காம்பவுண்டில் தப்பான புல்லைப் போட்டால் நஷ்டம் ஒரு சங்கத்துக்கு. மலையில் போட்டால் நஷ்டம் மலைக்கு.

மண்ணைப் பிடிக்கும் புல்லுக்கு நாம் வெளியே தேட வேண்டியதும் இல்லை. உலகம் முழுக்க மண் அரிப்பைத் தடுக்கப் பயன்படுத்தும் புல் வெட்டிவேர். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே தமிழில் இருந்து போனதுதான்! கடலூர் மாவட்டத்தில் விவசாயிகள் இதைப் பயிர் செய்கிறார்கள். ஆனால் இதற்கும் குழாய் உதவாது. நாற்றைக் கையால்தான் நட வேண்டும்.

காண்டிராக்டரிடம் கேட்க வேண்டியது

விதைக்கூழ் முறையில் புல்தரை போட முடிவு செய்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:-

என்ன விதை? பாக்கெட்டில் முளைப்புத் திறனும் தேதியும் இருக்கிறதா?

மண் வேலை உங்கள் கணக்கிலா, எங்கள் கணக்கிலா? எத்தனை அங்குலம் கொத்துவீர்கள்?

எந்த மாதம் அடிப்பீர்கள்? மழையில் கரைந்தால் மறுபடி அடித்துத் தருவீர்களா?

மூன்று வாரம் தண்ணீர் தெளிப்பது யார்? ஆளுக்குக் கூலி யார்?

முளைக்காத திட்டுகளுக்கு யார் பொறுப்பு?

கடைசியாக ஒன்று. "எங்கள் இடத்துக்கு இந்த எந்திரம் தேவைதானா?" என்றும் கேட்க வேண்டும். ஆயிரம் இரண்டாயிரம் சதுர அடி இடத்துக்கு, அருகம்புல் தண்டை வாங்கி நாலு ஆள் வைத்து நட்டாலே இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் மைதானம், பள்ளிக்கூடம், கரைச் சரிவு என்றால் எந்திரத்துக்கு வேலை இருக்கிறது.

பச்சைக் கூழ் பீய்ச்சுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். வாட்ச்மேனிடம் பாட்டி கேட்பார்: "ஏம்ப்பா, தரைக்கு எதுக்கு பெயிண்ட் அடிக்கிறாங்க?"

"பெயிண்ட் இல்லம்மா, புல்லு விதை. முளைச்சுடுமாம்."

"தண்ணி யாரு ஊத்துவா?"

பாட்டியின் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற சங்கம் மட்டும் புல்தரை போடலாம். மற்றவர்கள் ஜூலை வரை யோசிப்பது நல்லது.